வார்த்தையின் குற்றமும் பிழைப்பின் நஷ்டமும்



சமூக வலைத்தளத்தில் தகாத வார்த்தை எழுதியதற்காக ஒருவருடைய உத்தியோகத்தைப் பறிப்பது நியாயமா? உடனே மறுமொழி சொல்லாமல், நடந்த ஒரு காரியத்தைப் பார்ப்போம்.

2013-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி, நியூயார்க் கம்பெனியொன்றில் மக்கள் தொடர்பு அதிகாரியாயிருந்த ஒரு மாது, லண்டனில் விமானம் ஏறுமுன், அப்போது ட்விட்டர் என்று வழங்கிய தளத்தில் ஒரு பரிகாசம் எழுதினார். ஆப்பிரிக்காவுக்குப் போனாலும் தமக்கு எய்ட்ஸ் வராது, தாம் வெள்ளைக்காரியாயிற்றே என்பது அதன் கருத்து. அவர் எழுதுவதைப் பின்தொடர்ந்தவர்கள் ஏறக்குறைய 170 பேர். கேப் டவுன் போய்ச் சேர 11 மணி நேரம். இறங்குமுன் உலகமெங்கும் ஆயிரமாயிரம் பேர் அவரை ஏசிவிட்டார்கள். வேலையும் போயிற்று. கவலையறியாத வெள்ளையரையே பரிகசித்ததாகப் பின்னர் அவர் சொன்னார்.

முதலாவது, அந்த வார்த்தை குற்றமற்றதா? அல்ல. அந்நோயினால் பெற்றோரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் தென்னாப்பிரிக்காவில் அநேகம். அவர்களுடைய துயரம் விளையாட்டுப் பொருளல்ல.

இரண்டாவது, கம்பெனி செய்தது அநியாயமா? அமெரிக்க அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமை அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமேயன்றி, தனியார் முதலாளியை அல்ல. ஆனால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் நீதியாகிவிடாது. சொன்ன வார்த்தை செய்யும் வேலையைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். கம்பெனிக்காக உலகத்தோடு பேசுவதே அம்மாதின் வேலை. ஆகையால் கம்பெனியை முற்றிலும் குறைகூற முடியாது. கணக்கெழுதும் குமாஸ்தா அதையே எழுதியிருந்தால், கண்டிப்பு போதுமாயிருந்திருக்கலாம்.

மூன்றாவது, கூட்டத்தின் காரியம். இங்கேதான் அநீதி தங்குகிறது. நீதிபதி இரு தரப்பையும் கேட்கிறார். குற்றத்துக்கு ஏற்றபடி தண்டனையை அளக்கிறார். அது முடியும் நாளையும் குறிக்கிறார். கூட்டம் கேட்பதில்லை, அளப்பதில்லை, முடிப்பதுமில்லை. "நான் எழுதியது ஒரு வரிதானே" என்று ஒவ்வொருவரும் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்கள். நூறு பேர் ஒருவன் வயலில் ஆளுக்கோர் அடி வைத்து நடந்தால், "நான் மிதித்தது நாலு கதிர்தானே" என்று ஒவ்வொருவனும் சொல்லலாம். ஆனால் விளைச்சல் போனது போனதுதான். பங்குபோட்டுக்கொள்வதால் பாவம் கரைந்துபோவதில்லை.

உலக நன்மைகளில் நற்பெயர் மிகவும் அருமையானது என்றும், அதை அநியாயமாய்க் கெடுத்தவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்றும் 13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதித்தார். ஆயிரம் பேர் சேர்ந்து கெடுத்த பெயருக்கு ஈடுசெய்ய யார் முன்வருவார்?

ஆகையால் பெற்றோரே, எழுதுமுன், அது தெருவிலுள்ள யாவரும் கேட்கும் பேச்சு என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறர் எழுதிய தவறு கைக்கு வந்தால், எழுதியவரிடமே தனியே சொல்ல வழியுண்டா என்று முதலில் பாருங்கள். வழியில்லையென்றால், அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் உங்களோடு நிறுத்துங்கள். தவறு செய்தவர் வீட்டிலும் நாளை உலை கொதிக்கவேண்டும் என்பதை மறவாதிருப்போமாக.