இல்லை என்று சொல்லாத அதிகாரம்

சட்டப்பேரவை நிறைவேற்றி அனுப்பும் மசோதாவுக்கு ஆளுநர் இத்தனை நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைக்க முடியாது என 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். கிடப்பில் போடப்பட்ட மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று, அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டு வழக்கில் காட்டிய வழியும் அத்துடன் அடைபட்டது. குடியரசுத் தலைவர் எழுப்பிய 14 கேள்விகளுக்கு விடையாக வந்த கருத்துரை இது. ஒரு தரப்பு வெற்றி என்றது, மறு தரப்பு பின்னடைவு என்றது. தொலைக்காட்சி விவாதங்கள் இரண்டு நாளில் வேறு பக்கம் திரும்பிவிட்டன.

நீதிமன்றம் தன் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. அறத்தின் கேள்வி வேறு. சட்டம் நாள் குறிக்காத இடத்தில், பதவியில் இருப்பவர் எத்தனை நாள் சும்மா இருக்கலாம்? ஒரு நாளும் கூடாது என்பதே விடை. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: செய்ய மறுப்பதைவிடச் செய்யாமல் இழுப்பது கீழான செயல். மறுப்பவர் தன் பெயரைப் போடுகிறார். எதற்காக மறுத்தீர் என்று அவரைக் கேட்கலாம், எதிர்வாதம் செய்யலாம், மேலே போகலாம். இழுப்பவர் எதிலும் கையெழுத்திடுவதில்லை. காத்திருப்பவர் கையில் எதிர்த்துப் பேச ஒரு காகிதம்கூட இல்லை.

இது நம் முன்னோர் அறியாத விஷயமில்லை. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் 'பரிசில் நீட்டித்தல்' என்று ஒரு தொடர் வரும். கொடுப்பதாக இருந்து, கொடுக்காமல், இல்லை என்றும் சொல்லாமல், புலவனை நாள் கணக்கில் காக்க வைத்த அரசர்கள் இருந்தார்கள். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் அப்படிச் செய்தபோது ஆவூர் மூலங்கிழார் அவன் முகத்துக்கு நேரே பாடினார். முடிந்ததை முடியும் என்பதும் முடியாததை முடியாது என்பதும் ஆண்மையுள்ள நட்பின் இரு செயல்கள். இந்த இரண்டையும் விட்டு மாற்றி நடப்பது கேட்பவனை வருத்தும், கொடுப்பவன் புகழையும் குறைக்கும் என்பது அவர் கருத்து. புலவர் 'இல்லை'யைக் குறைவாக எண்ணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேராகச் சொன்ன 'இல்லை'யை அவர் கொடைக்குச் சமமாக வைக்கிறார்.

வள்ளுவர் சோம்பலைப் பற்றி மடியின்மை என்று தனி அதிகாரமே வகுத்தவர். காலம் நீட்டிக்கும் பழக்கத்தைக் கெடுபவர் விரும்பி ஏறும் தோணிகளில் ஒன்றாக அங்கே எண்ணுகிறார். ஆனால் அரசன் நாள்தோறும் ஆராய்ந்து முறை செய்யாவிட்டால் அவன் நாடு நாள்தோறும் தேயும் என்ற எச்சரிக்கையை அந்த அதிகாரத்தில் வைக்கவில்லை, கொடுங்கோன்மையில் வைத்தார். தனிமனிதன் தாமதித்தால் அது சோம்பல், ஆள்பவன் தாமதித்தால் அது கொடுமை. அதிகார வைப்பிலேயே தீர்ப்பு இருக்கிறது. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வரி நீக்கம் கேட்கப் போன வெள்ளைக்குடி நாகனாரும் நேரத்தைத்தான் பேசினார். முறை வேண்டிய பொழுதில் எளிதில் காணக்கூடிய அரசன், மழை வேண்டிய பொழுதில் பெய்த மழை போன்றவன் என்றார். பயிர் கருகிய பிறகு பெய்யும் மழையை எந்த உழவனும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த உரைகற்களில் நம் காலத்தின் நிகழ்ச்சிகளை உரசிப் பார்க்கலாம்.

2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் தமிழ்நாட்டுப் பேரவை நிறைவேற்றிய 12 மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் கிடந்தன. பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. சில அதிமுக ஆட்சியில் நிறைவேறியவை, மற்றவை திமுக ஆட்சியில். எனவே இதை ஒரு கட்சியின் குறை என்று ஒதுக்க இயலாது. 2023 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மூன்றே நாளில், நவம்பர் 13 அன்று, பத்து மசோதாக்கள் ஒப்புதல் நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தன. காரணம் எழுதப்படவில்லை. நவம்பர் 18 அன்று பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மறுபடி நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். மூன்றாண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். இதற்கிடையில் சென்னைப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்றாண்டில் முடியாதது மூன்று நாளில் முடிந்தது என்றால், குறை நேரத்தில் இல்லை என்று அறிய ஞானம் வேண்டியதில்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வழக்கு இன்னொன்று. அவரை விடுவிக்க அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஆளுநர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு விடுவித்தது. அவர் விடுதலைக்குத் தகுதியானவரா என்பதில் நாட்டில் இரு கருத்து உண்டு. அந்த வாதத்துக்குள் இங்கே போக வேண்டாம். 'முடியாது' என்று எழுதியிருந்தாலும் அது ஒரு பதில். அந்தப் பதிலை எதிர்த்து அவருடைய தாய் மறுநாளே நீதிமன்றப் படி ஏறியிருப்பார்.

எல்லாவற்றிலும் வெட்கக்கேடானது பேரவைத் தலைவர்களின் கதை. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985இல். தாவியவரின் பதவியைப் பறிப்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் பேரவைத் தலைவரிடம் கொடுத்தது, நாள் குறிக்கவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாட்டுப் பேரவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உட்பட 11 அதிமுக உறுப்பினர்கள் தங்கள் கட்சி அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கேட்ட மனுக்கள் பேரவைத் தலைவரிடம் போயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற உறுப்பினர்கள் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்குத் தரும் ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேரின் பதவி போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தொகுதிகள் 2019 இடைத்தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் இருந்தன. வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற 11 பேர் மீதான மனுக்களோ கிணற்றில் போட்ட கல். அந்த அணி ஆளுங்கட்சியோடு இணைந்துவிட்டது, அதன் தலைவர் துணை முதலமைச்சரும் ஆகிவிட்டார். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பேரவைத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று வழக்கை முடித்தது. 2021 மே மாதம் பேரவையின் ஆயுள் முடிந்தது. முடிவு வரவேயில்லை.

ஒரே நாற்காலி, ஒரே சட்டம், ஒரே ஆண்டு. ஒரு கோப்பு ஓடியது, இன்னொன்று நகரவில்லை. வேண்டாதவர் கோப்புக்குக் கால் முளைக்கிறது, வேண்டியவர் கோப்புக்கு வேர் விடுகிறது. துலாக்கோலைப் போல ஒரு பக்கம் சாயாதிருப்பதே சான்றோர்க்கு அணி என்று நடுவு நிலைமை அதிகாரம் சொல்கிறது. சாய்வது என்றால் தவறான தீர்ப்பு எழுதுவது என்று மட்டும் பொருளில்லை. தீர்ப்பு எழுதாமல் விடுவதும் சாய்வதுதான்.

மணிப்பூரில் காங்கிரஸ் சின்னத்தில் வென்று பாஜக அரசில் அமைச்சரானவர் மீதான மனுவும் இப்படித்தான் கிடந்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. தெலங்கானாவில் பாரத ராஷ்டிர சமிதியிலிருந்து காங்கிரஸ் பக்கம் போன பத்துப் பேர் விஷயத்தில் 2025 ஜூலை 31 அன்று நீதிமன்றம் பேரவைத் தலைவருக்கு மூன்று மாதம் கெடு வைத்தது. சென்னையில் அதிமுக, இம்பாலில் பாஜக, ஐதராபாத்தில் காங்கிரஸ். கொள்கையில் ஒன்றுபடாத கட்சிகள் ஊறப்போடுவதில் மட்டும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அரசமைப்பில் இல்லாத நாள் கணக்கை நீதிபதிகள் எழுதிச் சேர்க்கத் தொடங்கினால், நாளை வேறு எதை எழுதுவார்கள் என்ற அச்சம் பொய்யில்லை. அவசரத்தின் கேட்டையும் தமிழர் அறிவர். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரிக்காமல் ஆணையிட்டான் பாண்டியன், மதுரை எரிந்தது. யோசிக்க நேரம் வேண்டும்தான். யோசித்தவர் என்ன யோசித்தார் என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா? அந்தப் பாண்டியனும் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகு அரைநாழிகைகூடத் தாமதிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தவிர, நாள் கணக்கு நம் அரசமைப்புச் சிற்பிகளின் நினைவுக்கு வராத ஒன்றும் இல்லை. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரைவுப் பிரிவில் முதலில் ஆறு வாரம் என்றே இருந்தது. 1949இல் அதை எடுத்துவிட்டு 'இயன்றவரை விரைவில்' என்ற பொருள்படும் சொற்களை வைத்தார்கள். எச்.வி. காமத் எதிர்த்துப் பேசினார், சபை கேட்கவில்லை. நாள் சொல்லி முடுக்க வேண்டிய ஆட்களா இந்தப் பதவிகளுக்கு வரப்போகிறார்கள் என்று அந்தச் சபை நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கையை ஓட்டை என்று படிப்பவர்கள்தான் பின்னால் வந்தார்கள். 2010இல் பூஞ்சி ஆணையம் ஆளுநருக்கு ஆறு மாதம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரையும் கிடப்பில் போனது.

கெடு எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? உள்ளாட்சி அமைப்புகளின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடியும் முன் தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் முடிந்த நகர்ப்புற அமைப்புகளுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடஒதுக்கீடு, வார்டு வரையறை என்று வழக்குமேல் வழக்கு. ஒரு முழு ஆட்சிக் காலமே அதிகாரிகள் கையில் கழிந்தது. ஆளுநர் தாமதிக்கிறார் என்று முறையிடும் மாநிலத்தின் வீட்டுக்குள்ளும் இந்த அழுக்கு இருக்கிறது. இதே மண்ணில், உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு வாரியப் பொறுப்புக்கு 360 நாள் என்று வரம்பு வெட்டியது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது என்றும் வெட்டியது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஒரு கிராம சபைக்குத் தெரிந்தது இது.

கெடுவைவிட மேலான ஒன்று வேண்டும் என்பதற்கே மனுநீதிச் சோழன் கதை. கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்குச் சாத்திரப்படி கழுவாய் உண்டு, அதைச் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். சட்டம் வழி காட்டியது. அரசன் அந்த வழியில் போக மறுத்தான். மகனைப் பலியிட்டதை இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. சட்டம் இடம் கொடுக்கிறது என்பதால் மட்டும் ஒன்றைச் செய்துவிடலாமா என்று அவன் கேட்டானே, அந்தக் கேள்வியைத்தான் பதவியேற்கும் ஒவ்வொருவரும் தன்னைக் கேட்க வேண்டும். திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் கருத்துரை ஆளுநருக்கு எல்லாக் கதவையும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்புதல் நிறுத்தினால் காரணத்தோடு மசோதாவைத் திருப்பி அனுப்ப வேண்டும், காரணமின்றி முடிவில்லாமல் வைத்திருந்தால் முடிவெடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் அதில் உள்ளது. எத்தனை நாள் போனால் முடிவில்லாமல் என்று கொள்வது? அதற்கும் ஒரு வழக்குப் போட வேண்டும்.

ஆளுநர் மாளிகைகளும் பேரவைத் தலைவர் அலுவலகங்களும் தங்களிடம் உள்ள ஒவ்வொரு கோப்பும் வந்த தேதியையும், அது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது என்பதையும் மாதம் ஒருமுறை வெளியிடட்டும். அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டாம், நீதிமன்ற ஆணையும் வேண்டாம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைச் செய்வீர்களா என்று கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.