முதல் வகுப்பின் கடன்

என் தங்கை பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பதினாறு வாரம் ஓர் அரசுப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனாள். எட்டாம் வகுப்பு, அறிவியல். கடைசி நாள் அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். பை நிறைய அஞ்சு ரூபாய் பேனாக்கள், காகித ரோஜாக்கள், ‘மிஸ் எங்கள மறந்துடாதீங்க’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய அட்டைகள்.

அன்றைக்கு நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒன்று கேட்டேன். “இது அந்தப் பிள்ளைங்க மேல பாசமா, இல்ல முதன்முதலா மிஸ்னு கூப்பிட வச்சாங்களே, அந்த உன் மேலயே பாசமா?”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

கேள்வி தவறில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த முப்பத்தெட்டு பேரை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. டைம் டேபிள் தேர்ந்தெடுத்தது. பக்கத்து பி பிரிவிலும் அதே வயசு, அதே குறும்பு. அவர்களுக்காக அவள் அழவில்லை. இனி பணிக்காலம் முழுக்க எத்தனையோ வகுப்புகள் வரும். முதலில் வந்தது என்பதற்காகவே ஒரு வகுப்புக்கு மனசில் தனி இடம் கொடுத்தால், பின்னால் வருபவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?

மூன்றாம் நாள் அவளே ஆரம்பித்தாள். “அண்ணா, காலேஜ்லருந்து மேடம் அப்சர்வேஷனுக்கு வந்தப்ப எனக்குக் கை நடுங்குச்சு. சார்ட்டைத் தலைகீழா மாட்டிட்டேன். எப்பவும் கத்துற பசங்க, ஒருத்தன்கூட சிரிக்கல. முன்னாடி பெஞ்சு பொண்ணு எந்திரிச்சு வந்து சத்தமில்லாம திருப்பி மாட்டிட்டுப் போனா. நான் பாடம் நடத்தினேன்னு எல்லாரும் சொல்றாங்க. அவங்கதான் என்னை நடத்தினாங்க.”

நான் சுயமோகம் என்று சந்தேகப்பட்டது உண்மையில் கடன்பட்டவளின் நன்றி. முதல் வகுப்பின் மேல்தான் நாம் தொழில் பழகுகிறோம். என் வேலையில் முதல் வெர்ஷனில் பிழை இருந்தால் அடுத்ததில் சரிசெய்யலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு அறிவியலை இன்னொரு முறை படிக்கப்போவதில்லை. நம் தடுமாற்றத்தின் விலையை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அது தெரிவதால்தான் தொண்டை அடைக்கிறது.

இதோடு முடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு போட்டோவை அம்மாவிடம் காட்டி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். இவன் நல்லா வரைவான், இவ எதுக்கும் கை தூக்குவா. கடைசி வரிசையில் ஓரமாக நின்ற ஒரு பையனிடம் விரல் நின்றது. பெயர் வரவில்லை. நேரம் மிச்சம் என்று தினமும் நம்பர் சொல்லித்தான் அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கிறாள். பதினாறு வாரமும் அவன் ‘உள்ளேன் மிஸ்’ சொல்லியிருக்கிறான். போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பாசத்துக்கு இப்படி ஒரு கோளாறு உண்டு. அது பதில் தருகிற முகங்களைத்தான் முதலில் பார்க்கும். விட்கென்ஸ்டைன் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறார். என்ஜினியரிங் படித்துத் தத்துவத்துக்குப் போனவர். 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தார். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் தாண்டியும் சொல்லிக்கொடுத்தார், வியன்னாவுக்கு அழைத்துப் போனார். கணக்கு வராத பிள்ளைகளை அடித்தார். 1926இல் அவரிடம் அடிபட்ட ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். அதோடு வேலையை விட்டார். சுமார் பத்தாண்டு கழித்து அதே கிராமத்துக்குத் திரும்பிப் போய், தான் அடித்த பிள்ளைகள் சிலரின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

அடிப்பதும் பெயர் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் திரும்பிப் போதல் என்னை விடமாட்டேன் என்கிறது. ‘முதல் வகுப்புக்குப் பட்ட கடனை அடுத்த வகுப்புக்கு அடைக்கலாம்’ என்பது ஆசிரியர்கள் சொல்லும் ஆறுதல். என் தங்கையும் அப்படித்தான் அடைக்கிறாள். இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை. அட்டெண்டன்ஸை முழுப் பெயர் சொல்லி, முகம் பார்த்து எடுக்கிறாள். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகிறது. சீக்கிரம் முடிங்க என்று மேலே இருந்து சொல்கிறார்களாம். கேட்கவில்லை.

புதுப் பிள்ளைகளுக்கு அது நல்லது. அந்தப் பையனுக்கு அதில் என்ன கிடைத்தது?

போன வாரம் அதையே அவளிடம் கேட்டேன். இந்த முறை கோபப்படவில்லை. “அவன் இப்ப பத்தாவது, அண்ணா. டீச்சர்கிட்ட பேர் கேட்டு வாங்கிட்டேன். ஆனா போய் என்னன்னு சொல்றது?”

ஒன்றும் சொல்ல வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும் என்றேன். சனிக்கிழமை பைக்கில் கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லியிருக்கிறேன்.