அடுத்தவர் பாட்டுக்கு வாசிப்பது

1960களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் நடத்திய பதிவுகளில் மூன்று நான்கு கிட்டாரிஸ்டுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே வேலைதான். தயாரிப்பாளர் மனத்தில் இருக்கும் ஒலி கூடிவரும் வரைக்கும் ஒரே கார்டுகளை ஒரே அடியில் மணிக்கணக்காக வாசிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் பார்னி கெஸ்ஸல். 1947இல் சார்லி பார்க்கருடன் பதிவு செய்தவர், ஆஸ்கர் பீட்டர்சனின் மூவர் குழுவில் இருந்தவர். ஜாஸ் கிட்டார் என்றால் அன்று முதல் வரிசையில் சொல்லப்பட்ட பெயர் அவருடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கான மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கு, ஆறு மாதம் கற்றவரும் வாசித்துவிடக்கூடிய கார்டுகளை அவரும் உட்கார்ந்து வாசித்தார்.

இது இறக்கமா? கிட்டாரைப் பிழைப்பாகக் கொள்ள நினைக்கும் எவரும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் இருக்க முடியாது. இறக்கமில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். முழுத் திறமையும் கையில் இருக்கும்போது, பாட்டு கேட்கும் அளவை மட்டும் கொடுத்துவிட்டு மீதியை அடக்கி வைத்துக்கொள்வது பெரிய பயிற்சி. வேகமாக வாசிக்கப் பழகுவதைவிட அது கடினம். அந்த அடக்கம் வாய்த்தவர்களைத்தான் இந்தத் தொழில் மறுபடி மறுபடி கூப்பிடுகிறது.

ஸ்டுடியோ கிட்டாரிஸ்ட் டாமி டெடெஸ்கோவின் வாழ்க்கையை இதற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்ளலாம். 1930இல் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் ஊரில் பிறந்தவர். 1950களில் ஒரு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய், கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கிவிட்டார். 'பொனான்ஸா', 'பேட்மேன்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களின் இசையிலும், கணக்கில்லாத பாப் பாடல்களிலும் திரைப்படங்களிலும் அவர் கை இருந்தது. உலகிலேயே மிக அதிகமாக ஒலிப்பதிவான கிட்டாரிஸ்ட் என்று 'கிட்டார் பிளேயர்' இதழ் அவரைக் குறிப்பிட்டது. ஆனால் அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

அவரைத் தேடி வேலை வந்ததற்கு முதல் காரணம், தாளில் எழுதியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறன். இது கிட்டாரில் எத்தனை கடினம் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே ஒரு கட்டைதான். கிட்டாரில் முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும் மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் நான்காம் தந்தியின் பதினான்காம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. எங்கே வாசித்தால் அடுத்த ஸ்வரத்துக்கு விரல் இடறாமல் போய்ச் சேரும் என்பதைக் கண் தாளில் இருக்கும்போதே கை முடிவு செய்தாக வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே சமயத்தில் வாசித்த அந்தக் காலத்தில், ஒருவர் தடுமாறினால் கூடத்திலிருக்கும் அத்தனை பேரின் டேக்கும் வீண். மூன்று மணி நேரக் கணக்கில் கூலி பேசப்பட்ட இடத்தில் ஒருவருடைய ஆயத்தமின்மை அடுத்தவர் பணத்தையும் நேரத்தையும் தின்றுவிடும். ஆகவே வீட்டில் தனியாகச் செய்யும் சாதகம் வெறும் சுயமுன்னேற்றம் அல்ல, நாளை பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறவருக்குச் செலுத்தும் மரியாதையும்கூட.

இசையமைப்பாளர்கள் மேண்டலின் கேட்பார்கள், பூஸூக்கி கேட்பார்கள், வேறு ஏதோ நாட்டுத் தந்தி வாத்தியம் கேட்பார்கள். டெடெஸ்கோ அவற்றையெல்லாம் தனக்குப் பழகிய கிட்டார் சுருதியிலேயே கூட்டிக்கொண்டு வாசித்தார். சிலருக்கு இது குறுக்குவழியாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டவருக்கு வேண்டியது அந்த வாத்தியத்தின் நாதம், அதுவும் அன்றைக்கே, பிசகில்லாமல். அதைக் கொடுக்கத் தன் பலம் எதுவென்று தெரிந்து அதன்மேல் நின்றார். அந்த வாத்தியத்தின் வித்வான் என்று அவர் மேடை ஏறியிருந்தால்தான் தவறு.

நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்களும் அதே கூடங்களில் நிலைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்கன்சாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவராக 1936இல் பிறந்த க்ளென் கேம்ப்பெல் கேள்விஞானத்தில் வந்தவர். ஒருமுறை கேட்டால் பிடித்துக்கொள்ளும் காது அவருக்கு. கேரல் கே வந்த வழி வேறு. பதின்வயதிலேயே கிட்டார் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தவர், பின்னாளில் பிள்ளைகளைக் காப்பாற்ற ஸ்டுடியோ வேலைக்கு வந்தவர். 1963 வாக்கில் ஒரு பதிவுக்கு பேஸ் கிட்டார்க்காரர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பேஸ் கிட்டாரே அவர் வாழ்க்கை ஆயிற்று. 1969இலிருந்து அவர் எழுதிய பயிற்சி நூல்கள் பல தலைமுறை பேஸ் கிட்டாரிஸ்டுகளுக்குப் பாடமாயின. வராதவரின் நாற்காலி எவருக்கும் கிடைக்கக்கூடும். கிடைத்த நாளில் அதில் உட்காரும் தகுதி முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

எந்த வேலையை ஒப்புக்கொள்வது என்பதற்கு டெடெஸ்கோ ஒரு கணக்கு வைத்திருந்தார். பணம் கிடைக்க வேண்டும், அல்லது ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது நல்ல தொடர்பு கிடைக்க வேண்டும், அல்லது வாசிப்பதில் சந்தோஷம் இருக்க வேண்டும். நான்கில் ஒன்றாவது இருந்தால் போகலாம், ஒன்றுமே இல்லையென்றால் போகக்கூடாது. தொழிலில் கால் வைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இதைச் சொல்லிக்கொடுப்பேன். பணத்தை அவர் ஒளிக்காமல் முதலிலேயே வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. வாடகையும் பால் கணக்கும் உள்ள மனிதர் கலைக்காக மட்டுமே வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிவதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் கலைஞர்களிடம் இலவசமாக வாசிக்கச் சொல்லும் வழக்கமும் வளர்கிறது.

அந்த நான்கில் பயம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று மறுத்தால் நாளை கூப்பிடமாட்டார்களோ, என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவாரோ என்ற நடுக்கம்தான் மாதச் சம்பளம் இல்லாத எல்லோரையும் அரிக்கும் நோய். அந்த நடுக்கத்தில் காலை, மதியம், இரவு என்று அடுத்தடுத்து ஒப்புக்கொண்டு ஓடுகிறவர்கள் வீட்டை மறந்துவிடுகிறார்கள். அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக் கலைஞர்களில் டிரம்ஸ் வாசித்த ஹால் ப்ளெய்ன் அமெரிக்காவின் முதலிடப் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்தவர். பெரிய வீடும் வசதியுமாக வாழ்ந்தவர், மணமுறிவில் சொத்தை இழந்து, ஒரு கட்டத்தில் காவலாளி வேலை பார்த்தார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சம்பாதிக்கத் தெரிவதும் வாழத் தெரிவதும் தனித்தனியே பழக வேண்டியவை. வேலை கொட்டும் மாதத்தில், வேலையே வராத மாதத்துக்கென்று எடுத்து வைக்கப் பழகாதவருக்கு எத்தனை வாசித்தும் போதாது.

உடம்பைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். இளம் கிட்டாரிஸ்டுகள் மணிக்கட்டு வலியைச் சாதகத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். வலி வந்தால் நிறுத்த வேண்டும். நரம்பும் தசையும் தொடர்ந்து தப்பாகப் பழகிவிட்டால், வாசிக்கும்போது மட்டும் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும் கோளாறு வருவது உண்டு. அமெரிக்க செவ்வியல் கிட்டாரிஸ்ட் டேவிட் லெய்ஸ்னர் அப்படித்தான் வலக்கையின் சுதந்திரத்தை இழந்தார். விரலின் சின்னத் தசைகளை வருத்துவதை விட்டு, தோளின் பெரிய தசைகளிலிருந்து இயக்கத்தைத் தொடங்கும்படி தன் வாசிப்பையே திருத்தி அமைத்துத்தான் மேடைக்குத் திரும்பினார். அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மெதுவாக, மெட்ரோனோம் வைத்து, தோள் இறுகாமல் பழகும் அரை மணி நேரம், பல்லைக் கடித்துக்கொண்டு பழகும் நான்கு மணி நேரத்தைவிட மேல்.

இதுவரை சொன்னது கலைஞரின் கடமை. அமர்த்துகிறவரின் கடமை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 1965இல் பைர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டம்பரின் மேன்' ஒற்றைப்பாடல் இசைத்தட்டில் அந்தக் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவரே. மற்ற வாத்தியங்கள் கூலிக்கு வந்தவர்களுடையவை. இசைத்தட்டில் அவர்கள் பெயர் இல்லை. அடுத்தவர் பாட்டுக்குத் தன்னை அடக்கிக்கொள்வது கலைஞரின் பண்பு. அந்த அடக்கத்தைச் சாக்காக வைத்துப் பெயரையும் கூலியையும் மறைப்பது அநியாயம். அடக்கம் உள்ளவர்தான் தன் கூலிக்கு உறுதியாக நிற்கவும் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் கலைஞர்களுக்குப் பின்னால் ஒரு தொழிற்சங்கம் இருந்தது. குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும், பதிவானது வேறு இடத்தில் மறுபடி பயன்பட்டால் மேலும் ஒரு தொகையும் அது வாங்கித் தந்தது. சென்னையிலும் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்க முன்நின்றவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். தானே இசையமைப்பாளராக இருந்தும், வாசிக்கிறவர் பக்கம் நின்று யோசித்தார்.

சென்னையின் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவருமுன் இளையராஜாவும் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடமும் மற்றவர்களிடமும் கால்ஷீட்டுக்குக் கிட்டார் வாசித்தவர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுத்தைக் கற்றதும் அந்த ஆண்டுகளில்தான். அடுத்தவர் எழுதியதை வாசித்து வாசித்தே, தான் எழுதும்போது வாசிக்கிறவரின் விரலுக்கு என்ன எளிது, என்ன கடினம் என்று தெரிந்தவரானார். அந்தக் கல்வி இசைக்கல்லூரியில் கிடைக்காது.

காலம் மாறுவதை எந்தத் திறமையும் தடுக்காது. 1960களின் கடைசியில் அமெரிக்கக் குழுக்கள் தங்கள் இசைத்தட்டுகளில் தாங்களே வாசிக்கத் தொடங்கின, ஸ்டுடியோக் கலைஞர்களின் வேலை குறைந்தது. பிறகு சிந்தசைஸரும் கணினியும் வந்தபோது கோடம்பாக்கத்திலும் அதே நடந்தது. அந்த மாற்றத்தைச் சபித்துக்கொண்டே உட்கார்ந்தவர்களும் உண்டு. டெடெஸ்கோ திரைப்பட, தொலைக்காட்சி வேலையில் தொடர்ந்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், எழுதினார். 'கிட்டார் பிளேயர்' இதழில் தான் போன பதிவுகளைப் பற்றி, வாங்கிய கூலி உட்பட, வெளிப்படையாக எழுதிவந்தார். அனுபவசாலி ஒருவர் இளையவர்களுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். கூலியைப் பற்றி மூத்தவர்கள் வாய் திறக்காத தொழிலில் புதிதாக வருகிறவர் ஏமாந்துகொண்டேதான் இருப்பார்.

1992இல் பக்கவாதம் வந்து டெடெஸ்கோவின் வாசிப்பு நின்றது. அடுத்த ஆண்டு தன் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார். 1996இல் புற்றுநோய் என்று தெரிந்ததும் மகன் டென்னி, அப்பாவையும் அவருடன் வாசித்த நண்பர்களையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு டெடெஸ்கோ காலமானார். அந்த ஆவணப்படம் 2008இல் விழாக்களில் காட்டப்பட்டது, ஆனால் பொதுத் திரைக்கு வர 2015 ஆயிற்று. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களின் துணுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகை கட்ட வேண்டும், வாசித்த கலைஞர்களுக்காகச் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும். டென்னி 2013இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி அந்தக் கணக்கைத் தீர்த்தார். பாடல்களைக் குறைத்திருந்தால் படம் முன்பே வந்திருக்கும். காத்திருந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வெளியிட்டதைத்தான் அந்தப் படத்தின் மிகச் சரியான செயலாக நான் மதிக்கிறேன்.