கழுவிய பிறகே வண்ணம்



வடசென்னையில் வாழும் நமக்குப் புல்லட்டை யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1955-ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் இங்கே தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு வண்டியைப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையே அதற்குத் தாய்வீடானது. தாத்தா ஓட்டிய பழைய புல்லட்டைப் பேரன் கையில் எடுத்து, என்ஜினை இறக்கி, போர் போட்டு, பேரிங் மாற்றி, மறுபடி ஓடவைக்க ஆசைப்படுவது நம் பங்கில் அபூர்வமான காட்சி அல்ல. பாகங்களைத் திரும்பப் பூட்டுமுன் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வருகிறது: இந்த என்ஜினுக்கு என்ன பெயின்ட் அடிப்பது? பளபளக்கும் கறுப்பா, மேட் கறுப்பா, சில்வரா, பவுடர் கோட்டிங்கா?

இன்றைய நற்செய்தியில் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தந்தை நல்ல ஆடை உடுத்தச் செய்ததைக் கேட்டோம். பழுது நீங்கிய ஒன்றுக்கு எதை உடுத்துவது என்ற கேள்வி நம் ஆன்மாவுக்கும் உரியதுதான். ஆகவே இந்தத் தவக்கால ஞாயிற்றில் அதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் பெயின்ட் டப்பாவை அவசரமாகத் திறக்க மாட்டார். பல ஆண்டு எண்ணெயும் புழுதியும் என்ஜினின் மேல் கெட்டியாக ஒட்டிக் கிடக்கும். வார்ப்பிரும்பு பேரலில் துரு ஏறியிருக்கும். அலுமினிய கிராங்க் கேஸில் வெள்ளையாகப் பூத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, கடைசியில் தின்னரால் துடைத்து, விரல் வைத்தால் பிசுக்கு இல்லை என்றான பிறகுதான் அவர் ஸ்ப்ரேயைக் கையில் எடுப்பார். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த பெயின்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வண்டி சூடேறியதும் கொப்பளித்து உரிந்துவிடும். அன்பானவர்களே, நாம் எதன் மேல் வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்? அப்பா விட்டுச்சென்ற வீட்டுக்காக அண்ணனோடு பேசாமல் இருக்கும் மனத்தின் மேலா? யாருக்கும் தெரியாமல் செய்த ஒரு தவற்றின் மேலா?

கலங்க வேண்டாம். நம் ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் குனிந்து கழுவியவர். நமது திருமுழுக்கிலும் முதலில் தண்ணீர்தான் ஊற்றப்பட்டது. அதன்பின் கிறிஸ்மா தைலம் பூசப்பட்டது. அதற்குப் பிறகே வெள்ளாடை தரப்பட்டது. அழுக்கோடு வந்தோமே என்று நாம் வெட்கப்படலாம். கழுவுகிறவருக்கு அதில் வெட்கம் இல்லை.

கழுவுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பிரித்த என்ஜின் பாகங்களின் மேல் மணலை வேகமாக அடித்தால் துரு சீக்கிரம் போய்விடும். ஆனால் ஒரு சிறு துகள் எண்ணெய்த் துளைக்குள் தங்கிவிட்டால், பிறகு அது எண்ணெயோடு ஓடிப் பேரிங்கை அரித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் துளைகளை அடைத்து, தண்ணீரோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைக் கலந்து மெதுவாக அடிப்பார்கள். முடிந்ததும் ஒவ்வொரு துளையையும் கழுவிக் காற்றால் ஊதுவார்கள். நாம் பிள்ளைகளைத் திருத்தும்போது, குடித்துவிட்டு வரும் கணவரைத் திருத்தும்போது, எதைக் கொண்டு தேய்க்கிறோம்? கறை போன பிறகும் நம் சொல் ஒன்று அவர்களுக்குள் தங்கி அரித்துக்கொண்டிருக்கிறதா? ஊரைவிட்டுப் போன அந்த மகனிடம் தந்தை பழைய கணக்கு எதையும் கேட்கவில்லை. மகனுக்குள் ஒரு துகளும் தங்காதபடி மன்னித்தார். இறைவன் நம்மையும் அப்படியே மன்னிக்கிறார்.

அடுத்து, எவ்வளவு கனமாகப் பூசுவது? பழைய புல்லட்டில் ரேடியேட்டர் கிடையாது. பேரலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் ஃபின்களில் காற்று பட்டுத்தான் என்ஜின் ஆறுகிறது. பவுடர் கோட்டிங் பார்க்க அழகு, கீறலும் எளிதில் விழாது. ஆனால் அது பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் கனத்துக்கு உட்காரும். அதன் மேல் இன்னும் ஒரு பூச்சு, மினுமினுப்புக்கு மற்றொன்று என்று கனம் ஏற ஏற, உள்ளே இருக்கும் சூடு வெளியேறத் தடுமாறும். பேரலுக்கு வெப்பம் தாங்கும் கறுப்பை மெல்லியதாக அடிப்பதே நல்லது.

நாம் எத்தனை பூச்சுகள் பூசிக்கொண்டிருக்கிறோம்? கடன் கழுத்தை நெரிக்கிறது, வீட்டில் தூக்கம் இல்லை; ஆனாலும் ஞாயிறு திருப்பலிக்குச் சலவைச் சட்டையோடும் சிரிப்போடும் வந்துவிடுகிறோம். உவமையில் வரும் மூத்த மகனும் அப்படித்தான். வெளியே ஒரு கறை இல்லை, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தான். தந்தை அவனையும் தேடி வெளியே வந்தார், அவனுடைய கோபத்தையும் பொறுமையாகக் கேட்டார். உங்கள் உள்ளத்துச் சூட்டை இறைவனிடம் கொட்டுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரிடமாவது சொல்லுங்கள். இறைவன் முன்னால் பளபளக்க வேண்டிய கட்டாயம் நம்மில் யாருக்கும் இல்லை.

பெயின்ட் படவே கூடாத இடங்களும் என்ஜினில் உண்டு. இரண்டு பாகங்கள் சேரும் கேஸ்கெட் முகங்களில் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். அங்கே பெயின்ட் படிந்தால் பாகங்கள் சரியாகப் படியாது, எண்ணெய் கசியும். கணவனும் மனைவியும் சேரும் இடம் அப்படிப்பட்டது. அங்கே பூச்சு இல்லாத உண்மை இருக்கிறதா? இல்லையென்றாலும் மனம் தளராதீர்கள். படிந்துவிட்ட பெயின்டைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிடலாம். இன்றிரவு ஒருவரிடம் ஒருவர் ஒரேயொரு உண்மையைச் சாந்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆண்டவர் உங்கள் நடுவில் இருப்பார்.

இன்னும் ஒன்று. சிலிக்கோன் கலந்த வெப்பம் தாங்கும் பெயின்ட் காற்றில் காய்ந்தாலும் முழு உறுதி பெறுவதில்லை. பல வகைகளுக்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. அதையும் ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் சூடேற்றி ஆறவிட்டு, மறுபடி சற்றுக் கூடுதலாகச் சூடேற்றுவார்கள். நோயிலும் இழப்பிலும் வெந்துகொண்டிருக்கும் சகோதரரே, சகோதரியே, உங்கள் துன்பத்தை இறைவனின் தண்டனை என்று எண்ணி நீங்கள் அழுததை நான் அறிவேன். அவர் தண்டிப்பதற்காகச் சுடுகிறவர் அல்லர். நீங்கள் பெற்ற அருள் அந்தச் சூட்டிலும் உரிந்துபோகாதபடி உங்களோடு நிற்கிறவர் அவர்.

இப்படி முடித்த என்ஜினில் வார்ப்புத் தழும்புகளும் பழைய கீறல்களும் மெல்லிய பூச்சின் வழியே தெரியத்தான் செய்யும். தெரியட்டும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயங்களின் தழும்புகள் இருந்தன.

வருகிற சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனத்துக்காக ஆலயத்தில் அமர்ந்திருப்பேன். பல ஆண்டுகளாக வராதவர்களும் வாருங்கள். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டாலும் வாருங்கள். தொடங்குவதற்கு நான் துணையிருப்பேன். நம்மைக் கழுவுவதும் உடுத்துவதும் இரக்கமுள்ள தந்தையின் வேலை. அவரிடம் போய் நிற்பது மட்டுமே நம்முடையது. ஆமென்.