கரண்டு போனால் யார் பொறுப்பு?

கரண்டு போனால் நமக்கு என்ன ஆகும்? காற்றாடி நிற்கும். வைஃபை போகும். "ஐயோ, என் அசைன்மெண்ட்!" என்று ஒருவன் கத்துவான். கொஞ்ச நேரத்தில் கைப்பேசி வெளிச்சத்தில் கதை பேச ஆரம்பித்துவிடுவோம்.

ஆனால் சிலருக்கு மின்சாரம் வெறும் வசதி இல்லை, உடம்பின் ஒரு பகுதி மாதிரி. ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி மூச்சு விடுபவருக்கு அதுதான் நுரையீரல். மின்சாரச் சக்கர நாற்காலியில் போகிறவருக்கு அதுதான் கால். திரும்பிப் படுக்க முடியாதவரின் காற்று மெத்தையில் காற்று இறங்கிவிட்டால், சில மணி நேரத்திலேயே படுக்கைப் புண்ணுக்கு வழி பிறந்துவிடும்.

அப்படியென்றால் மின்தடைக்குத் தயாராக இருக்கவேண்டியது யாருடைய கடமை? அவர்களுடையதா, நம்முடையதா?

"அவங்கவங்க பாதுகாப்பை அவங்கவங்கதான் பார்த்துக்கணும்" என்று என்னோடு படிக்கும் நண்பன் ஒருவன் வாதாடினான். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. தன் உடம்புக்கு என்ன தேவை என்பது அவரவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பேட்டரியில் எப்போதும் சார்ஜ் இருக்கவேண்டும், கரண்டு தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் வேண்டும், அவசர எண்களைத் தாளில் எழுதி ஒட்டவேண்டும். இதெல்லாம் அந்த வீட்டில் நடக்கவேண்டிய வேலைதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணினிக்காகக் கடையில் விற்கும் சின்ன யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதாவது 84 வாட்-மணி. வீட்டில் வைக்கும் 5 லிட்டர் ஆக்சிஜன் இயந்திரம் சுமார் 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். தாளில் கால் மணி நேரம் வருகிறது. நிஜத்தில் பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம். பெரிய பேட்டரி வேண்டுமென்றால் பெரிய பணம் வேண்டும். ஆக, "நீயே தயாராக இரு" என்பது காசு உள்ளவனுக்கு அறிவுரை, இல்லாதவனுக்குக் கைகழுவல்.

மின்கட்டமைப்புப் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஒரு கம்பித்தடமோ ஒரு ஜெனரேட்டரோ விழுந்தாலும், மீதி உள்ளவை சுமையைத் தாங்கவேண்டும். எதுவும் ஒற்றைத் தூணில் நிற்கக்கூடாது. இத்தனை ஏற்பாடு இருந்தும், 1996 ஆகஸ்ட் 3-இல் பாக்கா மின்நிலையத்தில் ஆரம்பித்த கோளாறு தீபகற்பத்தையே இருட்டாக்கியது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கட்டமைப்பே தனியாக நிற்க முடியாதபோது, ஒரு பிளக், ஒரு பேட்டரி, ஒரு அம்மா, இவ்வளவுதான் உள்ள ஒருவரைப் பார்த்து "தனியா சமாளிச்சுக்கோ" என்று சொல்வது என்ன நியாயம்?

"சரி, கரண்டு போனா ஓடிப்போய் உதவுவோம்" என்று சொல்லலாம். நம் பிள்ளைகள் ஓடுவார்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலமில் படகோடு வந்தவர்களில் எத்தனையோ பேர் சாதாரண மக்கள். ஆனால் நல்ல மனசு மட்டும் போதுமா?

என் சித்தப்பா மின்சாரச் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர். வீடு நான்காவது மாடியில். ஒருமுறை கரண்டு போய் லிஃப்ட் நின்றபோது அவர் கீழே மாட்டிக்கொண்டார். நான்கு பையன்கள் ஓடிவந்து அவரை நாற்காலியோடு தூக்கப் பார்த்தார்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் போகும். தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. மோட்டார் பக்கத்தில் உள்ள நெம்புகோலை விடுவித்தால்தான் சக்கரம் உருளும் என்பது யாருக்கும் தெரியாது. சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "உதவி வேணாம்னு சொல்லலடா. முதல்ல என்னைக் கேளுங்க, அப்புறம் கை வைங்க."

அந்த ஒரு வார்த்தையில் என் கேள்விக்கும் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருட்டில் பிறக்கும் இரக்கம் தாமதமாக வருகிறது. கடமை என்பது வெளிச்சம் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துவைப்பது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஆபத்து நேரத்தில் உதவி பெறுவது அவர்களின் உரிமை என்கிறது. உரிமை என்றால் அது நம் தயவு இல்லை. ஆனால் லிஃப்ட் நின்ற மாடிக்குச் சட்டம் படியேறி வராது, பக்கத்து வீட்டுக்காரன்தான் வரவேண்டும்.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே ஒப்புரவறிதல் என்று தனியாக இன்னோர் அதிகாரம். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, சேர்ந்து வாழ்கிறோம் என்பதாலேயே ஒருவருக்கொருவர் செய்யவேண்டியது. மின்தடைக்குத் தயாராவது இந்த இரண்டாவது வகை. கரண்டை நம்பி வாழ்கிற விஷயத்தில் நாம் எல்லாரும் ஒன்றுதான். நமக்குக் கொஞ்சம் அவகாசம் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நண்பர்களே, இந்த வாரமே உங்கள் தாமானில், உங்கள் மாடியில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போய் உட்கார்ந்து பேசுங்கள். "கரண்டு போனா உங்களுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? உங்களை எப்படித் தூக்கணும்? யாருக்கு முதல்ல போன் பண்ணணும்?" என்று கேளுங்கள். பதிலை எழுதிவையுங்கள். ஜாகாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஒருவரை மட்டும் நம்பாமல், குறைந்தது இரண்டு பேர் பெயரைப் போடுங்கள். ஒருவர் வெளியூரில் இருந்தாலும் இன்னொருவர் கதவைத் தட்டவேண்டும்.