தகப்பன்சாமியும் அப்பாவின் புது ரிமோட்டும்

 

இந்த வாரம் பெரிய தத்துவம் எதுவும் எழுதப் போறதில்லை. எங்க வீட்டுல புது ஸ்மார்ட் டிவி மாட்டின கதையைத்தான் சொல்லப் போறேன். இதுல முருகன் எங்க வந்தார்னு கேட்டா, கொஞ்சம் பொறுங்க. எனக்கே அது மறுநாள்தான் புரிஞ்சது.

நான் சென்னையில ஐ.டி. வேலையில இருக்கேன். அப்பா அம்மா இருக்கிறது கும்பகோணம் பக்கத்துல ஒரு சின்ன ஊர். அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுல இருந்த பழைய டிவியில ரொம்ப நாளா கோடு கோடா விழுந்துகிட்டு இருந்தது. அம்மாவுக்கு ஒரே ஆசைதான். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை நல்லா தெளிவா பார்க்கணும். முட்டி வலியோட அந்தக் கடற்கரைக் கூட்டத்துல போய் நிக்க முடியாது. அதனால 43 இன்ச் டிவி ஒண்ணு ஆர்டர் போட்டுட்டு, சனிக்கிழமை காலையில ஊருக்கு வந்துட்டேன்.

மாட்டித் தர ஆள் வர மூணு நாள் ஆகும்னு மெசேஜ் வந்தது. "நாமே மாட்டிக்கலாம்"னு ட்ரில்லிங் மெஷினை எடுத்துட்டேன். சோபாவுல உட்கார்ந்து பார்க்கிறவங்க கண் மட்டத்துக்கு டிவியோட நடுப்பகுதி வரணும்னு படிச்சிருந்தேன். அளந்து, பென்சில்ல குறி போட்டு, பிட்டைச் சுவர்ல வைக்கப் போனேன். பின்னாடி இருந்து அப்பா குரல்.

"தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வைப்பா. அந்த இடத்துல உள்ள பைப் போகுது. ஒயரு இருக்கு."

எங்க வீட்டு ஒயரிங் முழுக்க அப்பா கையால செஞ்சது. சுவருக்குள்ள எது எங்க போகுதுன்னு அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். நான் துளை போடப் போன இடத்துல 230 வோல்ட் ஓடிக்கிட்டு இருந்தது. அவர் பதறல. என் கையைத் தட்டிவிடல. "இது கூடத் தெரியாம என்ன இன்ஜினியரிங் படிச்ச"ன்னு கேட்கல. போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்தார். ரசமட்டத்தை வச்சுப் புதுசா குறி போட்டுக் கொடுத்தார். நான் துளை போட்டேன். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

மத்தியானம் டிவி சுவர்ல ஏறிடுச்சு. இனிமே என் ராஜ்யம்னு நினைச்சேன். வைஃபை, அக்கவுண்ட், அப்டேட் எல்லாம் மளமளன்னு போச்சு. திரையில ஒண்ணு மாத்தி ஒண்ணு அனுமதி கேட்டது. நான் எல்லாத்துக்கும் ஓகே, ஓகேன்னு அழுத்திக்கிட்டே போனேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா, "என்ன கேக்குதுன்னு படிக்காம ஓகே குடுக்கலாமாப்பா?"ன்னு கேட்டார். "அதெல்லாம் சும்மாப்பா, எல்லாரும் இப்படித்தான் குடுப்பாங்க"ன்னு சொல்லிட்டேன். டெஸ்டர் வச்சுப் பார்க்காம ஒரு ஒயரைக்கூடத் தொடாத மனுஷன் கேட்ட கேள்வி அது. எனக்கு அப்போ காதுல விழல.

சாயங்காலம்தான் பிரச்சினை. பழைய டிவியில ஸ்விட்ச் போட்டா நேரா சேனல் வரும். புது டிவியில அப்படி இல்ல. ஆன் பண்ணினா ஆப் எல்லாம் வரிசையா இருக்கிற ஹோம் ஸ்கிரீன் வருது. நம்ம செட்டாப் பாக்ஸ் ஹெச்டிஎம்ஐ 1-ங்கிற வாசல் வழியா வருது. அந்த வாசலுக்குப் போக சோர்ஸ் பட்டனை அழுத்தணும். தெரியாம ஹோம் பட்டன்ல கை பட்டா மறுபடியும் வெளியில வந்துடும். போதாததுக்கு ரிமோட் ரெண்டு.

அப்பா நியூஸ் பார்க்க உட்கார்ந்தார். ஒரு தடவை கேட்டார், சொன்னேன். ரெண்டாவது தடவை கேட்டார், ரிமோட்டைப் பிடுங்கி நானே மாத்திக் கொடுத்தேன். மூணாவது தடவை, "தம்பி, மறுபடியும் சேனலைக் காணோம்பா"ன்னார். நான் அப்போ போன்ல ஆபீஸ் மெசேஜ் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"எத்தனை தடவைப்பா சொல்றது? சோர்ஸ் மாத்துங்க, சோர்ஸ் மாத்துங்கன்னு! இது கூடவா புரியல?"

குரல் கொஞ்சம் பெரிசாவே வந்துடுச்சு. அடுப்படியில அம்மா கை நின்னுடுச்சு. அப்பா என்னைப் பார்த்தார். "சரிப்பா"ன்னு சொல்லிட்டு ரிமோட்டை டீப்பாய் மேல வச்சார். எழுந்து போய்த் திண்ணையில உட்கார்ந்துட்டார். அன்னிக்கு ராத்திரி அந்த டிவியை யாரும் போடல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுவாமிமலைக்குப் போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தோம். அப்பா வழக்கம்போலத்தான் பேசினார். அர்ச்சனைத் தட்டு வாங்கினார், என் பேர் நட்சத்திரம் சொன்னார். கோபம் எதுவும் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது.

சுவாமிமலை அறுபடை வீட்டுல நாலாவது. காவிரிக் கரையில இருக்கிற கட்டுமலை. கீழே சுந்தரேஸ்வரரும் மீனாட்சியும் இருக்காங்க. 60 படி ஏறினா மேலே சுவாமிநாதன். கீழே அப்பா, மேலே பிள்ளை. எத்தனையோ தடவை போயிருக்கேன். அன்னிக்குத்தான் அந்த அமைப்பு உறைச்சது.

அந்த 60 படிக்கும் 60 தமிழ் வருஷத்தோட பேரு. அம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஏறினாங்க. அப்பா ஒரு படியில நின்னார். "இது நான் பொறந்த வருஷம்பா, சோபகிருது. உன்னோடது தாது"ன்னார். மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். வருஷ வரிசையில தாது 10-வது, சோபகிருது 37-வது. 10-வது படியில நிக்கிறவன் 37-வது படியில நிக்கிறவரைப் பார்த்து, "இது கூடவா புரியல?"ன்னு கத்தியிருக்கேன்.

சுவாமிமலைக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். கந்தபுராணத்துல வருது. கைலாயத்துக்கு வந்த பிரம்மா, சின்னப் பையன்தானேன்னு முருகனைக் கண்டுக்காம போனார். முருகன் கூப்பிட்டுப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டான். பிரம்மாவுக்குச் சொல்ல வரல. தலையில குட்டிச் சிறையில போட்டான். அப்புறம் சிவபெருமான் பிரம்மாவை விடுவிக்கச் சொன்னார். "அப்போ அந்தப் பொருளை நீ சொல்லு"ன்னு மகன்கிட்ட கேட்டார். பிள்ளை குருவானான், அப்பா சீடரானார். அதனாலதான் தகப்பன்சாமின்னு பேரு.

இந்தக் கதையை நாம பெரும்பாலும் எப்படிச் சொல்றோம்? "அப்பனுக்கே பாடம் சொன்ன சுப்பன்"னு கெத்தா ஸ்டேட்டஸ் போடறோம். நானும் போட்டிருக்கேன். ஆனா அன்னிக்குச் சந்நிதியில நிக்கும்போது வேற மூணு விஷயம் தோணுச்சு.

முதல் விஷயம், முருகன் குட்டினது பிரம்மாவை. அவர் தெரியும்ங்கிற கர்வத்தோட போனவர். சிவன் கேட்டு வந்தவர். கேட்டு வந்தவர்கிட்ட முருகன் குரலை உயர்த்தல. காதோரமாச் சொன்னான். படங்கள்ல பார்த்திருப்பீங்க, குழந்தை முருகன் அப்பாவோட காதுக்குப் பக்கத்துலதான் இருப்பான். காதுல சொல்லணும்னா பக்கத்துல போகணும். கையில போனை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் சோபாவுல இருந்து கத்தறது உபதேசம் இல்ல.

ரெண்டாவது, அப்பா கேட்டது ஒண்ணு, பிள்ளை சொன்னதும் அந்த ஒண்ணுதான். பிரணவத்தோட பொருள். நாலு வேதத்தையும் சேர்த்துக் கொட்டல. நான் என்ன செஞ்சேன்? அப்பா கேட்டது, "நியூஸ் எங்க வரும்?" நான் சொன்னது ஆப், சோர்ஸ், கேஸ்டிங், புளூடூத்.

மூணாவதுதான் என்னை உலுக்கிடுச்சு. சிவனுக்குப் பிரணவப் பொருள் தெரியாதா? பிரணவமே அவர்தானே! தெரிஞ்சும் கேட்டார், பிள்ளை குருவா ஆகட்டும்னு. இதை நினைச்சதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்தது. சின்ன வயசுல வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணும்போது அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "ஏழெட்டு எவ்வளவுப்பா? எனக்கு மறந்து போச்சே, நீ சொல்லிக் குடேன்"ம்பார். நான் பெருமையா 56-ன்னு சொல்லுவேன். அவருக்கா மறந்து போச்சு? அப்போ தெரிஞ்சும் கேட்டவர், இப்போ நிஜமாவே தெரியாம கேட்டார். முதல் கேள்விக்கு ஆசையா பதில் சொன்ன பிள்ளை, ரெண்டாவதுக்கு எரிஞ்சு விழுந்தான்.

அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மன்னிப்புக் கேட்கணும்னு நினைச்சேன். நம்ம வீடுகள்ல அப்பாகிட்ட மன்னிப்புங்கிற வார்த்தை அவ்வளவு சீக்கிரம் வாயில வராது. பிரகாரம் சுத்தும்போது, "நேத்து கத்திட்டேன்ப்பா"ன்னேன். "அட விடுப்பா, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் குடு"ன்னார்.

வீட்டுக்கு வந்ததும் போனை அம்மாகிட்ட கொடுத்துட்டு அப்பா பக்கத்துல உட்கார்ந்தேன். முதல்ல என் தப்பைச் சரி பண்ணினேன். என் தொழில்ல ஒரு பாடம் உண்டு. பயன்படுத்தறவர் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல தடுமாறினா, கோளாறு அவர்கிட்ட இல்ல, நாம அமைச்ச விதத்துல இருக்கு. ஆபீஸ்ல கிளையண்ட் பத்து தடவை கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்ற எனக்கு, வீட்டுல இது மறந்து போயிருந்தது.

டிவியை ஆன் பண்ணினா ஹோம் ஸ்கிரீனுக்குப் போகாம நேரா ஹெச்டிஎம்ஐ 1 வர்ற மாதிரி செட்டிங்ஸ்ல மாத்தினேன். அந்த வாசலோட பேரை "கேபிள்"னு மாத்தினேன். கடையில பளபளன்னு காட்டறதுக்கான படத்தைக் கண் கூசாத மாதிரி குறைச்சேன். ஒரு வீடியோ முடிஞ்சா அடுத்தது தானா ஓடறதை நிறுத்தினேன்.

அப்புறம் அப்பா கேட்ட அந்தக் கேள்வி. நான் கண்ணை மூடிக்கிட்டு ஓகே கொடுத்ததை எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒவ்வொண்ணா படிச்சோம். நாம திரையில என்ன பார்க்கறோம்னு டிவியே கண்டுபிடிச்சு, அதை விளம்பரத்துக்காக அனுப்பற வசதிக்கும் சம்மதம் கொடுத்திருந்தேன். இன்ஜினியர் பையன் படிக்கல. லைன்மேன் அப்பா கேட்டார். ரெண்டு பேருமா அதை ஆஃப் பண்ணினோம்.

சோர்ஸ் மாத்தற விஷயத்தைச் சொல்லித் தர ஆரம்பிச்சப்போ, அப்பா சட்டைப் பையில இருந்து சின்ன நோட்டை எடுத்தார். முந்தின நாள் ராத்திரியே திண்ணையில உட்கார்ந்து எழுதியிருக்கார். டிவியோட பின்பக்கம், செட்டாப் பாக்ஸ், ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. ஒயரிங் டயகிராம் மாதிரி வரைஞ்சு, பக்கத்துல "ரிமோட் 1, ரிமோட் 2"ன்னு குறிச்சிருந்தார். நான் கத்தினதுக்கு அப்புறமும் கத்துக்கணும்னு உட்கார்ந்திருக்கார். சீடன்னா எப்படி இருக்கணும்னு அந்த நோட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நண்பர்களே, நம்ம தலைமுறைக்கு முருகன் இந்தத் தகப்பன்சாமி வேலையைத்தான் கொடுத்திருக்கான்னு நினைக்கிறேன். யுபிஐ, ஓடிபி, ஸ்மார்ட் டிவி எல்லாத்தையும் அப்பா அம்மாவுக்கு நாமதான் சொல்லித் தர்றோம். அதனால ஒரு சின்ன வேண்டுதல். அடுத்த கிருத்திகை வரைக்கும் இந்த நாலையும் விரதமா எடுத்துக்குங்க:

1. அப்பா அம்மா ஏதாவது கேட்டா, பக்கத்துல போய் உட்கார்ந்து சொல்லுங்க.
2. ரிமோட்டையோ போனையோ அவங்க கையில இருந்து பிடுங்காதீங்க. அவங்க விரலே அழுத்தட்டும்.
3. கேட்ட ஒண்ணை மட்டும் சொல்லுங்க. மிச்சம் கேட்கும்போது.
4. பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லுங்க. ஏழெட்டு எவ்வளவுன்னு அவங்க எத்தனை தடவை கேட்டிருப்பாங்க!

நேத்து ஆபீஸ் மீட்டிங் நடுவுல அப்பா போன். "தம்பி, டிவியில ஏதோ அப்டேட்டுன்னு கேக்குது. படிச்சுப் பார்த்தேன். ஓகே குடுக்கலாமா?"

மைக்கை மியூட் பண்ணிட்டு வெளியில வந்து நின்னு சொன்னேன், "குடுங்கப்பா. அது முடியற வரைக்கும் ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க."

உங்களுக்கும் இன்னிக்கு அப்படி ஒரு போன் வரலாம். எடுங்க. கேட்கறது அப்பா குரல்தான். ஆனா சுவாமிமலையில அன்னிக்குக் கேட்டவரும் ஒரு அப்பாதானே!

தகப்பன்சாமிக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.