வைத்தியரின் நோயும் ஓர் அமானத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



நோயையும் அதற்குரிய மருந்தையும் படைத்த வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. ஆனால் ஊரார் நோயையெல்லாம் விசாரிக்கும் டாக்டருக்கே நோய் வந்தால் அவரை விசாரிப்பவர் யார்? காய்ச்சலோ கால்முறிவோ என்றால் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, உள்ளம் இருண்டு போகும் நோய் வந்தால் அவர் அதை வெளியே சொல்வதில்லை. சொல்லும்படி நாம் விட்டு வைப்பதுமில்லை. இதில் நம் மார்க்கம் காட்டும் வழி என்ன என்பதைச் சிந்திப்போம்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் கடையம், பொட்டல்புதூர், முதலியார்பட்டி, இரவணசமுத்திரம் என நம் மக்கள் வாழும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே எத்தனையோ உம்மாமார் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, விரல் தேயச் சுற்றிய கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் 2020ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட பிறகு, டாக்டர் படிப்பு என்னும் கனவு ஏழை வீட்டு வாசலையும் எட்டிப் பார்க்கிறது. ஒரு பிள்ளை கீழக்கடையத்தில் ரயிலேறி, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஊரே துஆச் செய்கிறது. அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால் அந்தப் பெருமையே பிள்ளையின் தலையில் பாரமாகவும் ஏறிவிடுகிறது. பரீட்சையில் ஒரு பாடம் தவறினாலும், இரவு டூட்டியில் ஒரு நோயாளி கண்ணெதிரே மௌத்தானாலும், அந்தத் துக்கத்தை இறக்கி வைக்க இடமில்லை. உம்மாவின் உழைப்பில் படித்துவிட்டு, மனம் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது என்று பிள்ளை விழுங்கிக் கொள்கிறது.

இது ஓரிருவர் கதையன்று. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை தந்தது. அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் தந்த இளநிலை மாணவர்கள் 25,590 பேர். அவர்களில் 27.8 சதவீதத்தினர் தமக்கு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிவித்தார்கள். மேற்படிப்பு மாணவர்களில் 31.2 சதவீதத்தினருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்ததாம். யா அல்லாஹ்! உதவி தேட விடாமல் தடுப்பவை எவை? வெட்கமும், இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயமும் அவற்றுள் முக்கியமானவை என்கிறது அவ்வறிக்கை.

முதலில் வெட்கத்தை எடுத்துக்கொள்வோம். மனம் தளர்வது ஈமானின் பலவீனம் என்று நம்மில் சிலர் கூறுகிறார்கள். அப்படியானால் யஃகூப் நபி (அலை) அவர்களைப் பற்றி என்ன சொல்வது? மகன் யூஸுஃபை இழந்த கவலையில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை சொல்கிறது. நபியின் ஈமானில் குறை சொல்ல யாருக்கு நா எழும்? தம் கவலையை அவர்கள் அல்லாஹ்விடமே முறையிட்டார்களே, வைத்தியரிடம் போகவில்லையே என்று சிலர் கேட்கலாம். அல்லாஹ்விடம் முறையிடக் கற்றுத் தந்த அதே மார்க்கம்தான் மருந்து செய்துகொள்ளவும் ஏவியது. துக்க வீட்டாருக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல்வார்கள் அன்னை ஆயிஷா (ரலி). அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதலளித்துக் கவலையில் சிறிதைப் போக்கும் என்று பெருமானார் (ஸல்) கூறியதை அவர்களே நமக்கு அறிவித்திருக்கிறார்கள். கவலைக்கும் மருந்து தேடலாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றையும் பாருங்கள். பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் பேராசிரியர். அவர்கள் வாய் திறந்தால் கேட்க நூற்றுக்கணக்கானவர் கூடுவார்கள். 1095ஆம் ஆண்டில் பாடம் நடத்த நா எழாமல் போயிற்று. உணவும் செல்லவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது, அங்கிருந்தே உடலுக்குப் பரவியிருக்கிறது என்று வைத்தியர்கள் கூறினார்கள். இதை இமாமவர்களே தம் நூலில் மறைக்காமல் எழுதி வைத்தார்கள். பதவியைத் துறந்து அமைதி தேடிச் சென்ற அவர்கள், 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். இந்த நோய் வந்ததால் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்ற அவர்களின் பட்டம் பறிபோயிற்றா? இல்லையே!

அவர்களுக்கும் முன்னரே, 934இல் மறைந்த அபூ ஜைத் அல் பல்கீ (ரஹ்) என்ற அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வந்து கவியும் துக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஆகவே, "உனக்கு என்ன குறை? ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?" என்று பிள்ளையை அதட்டுமுன் சற்று நிதானியுங்கள்.

டாக்டர்களுக்கு வரும் மற்றோர் ஆபத்தும் உண்டு. மருந்துகளின் பெயரெல்லாம் தெரியுமாதலால் தமக்குத் தாமே மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். அகிலத்தின் தலைவர் நபி (ஸல்) அவர்களே அபூ தைபா (ரலி) என்பவரிடம் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு, கூலியும் கொடுத்தார்கள். பிறர் கையால் வைத்தியம் பெறுவது எந்த மனிதருக்கும் இழுக்கன்று. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அபுத் தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உனக்கும் உன் குடும்பத்தாருக்கும் உரிய ஹக்கை அவரவருக்குக் கொடு என்றார்கள் ஸல்மான் (ரலி). ஸல்மான் சொன்னது சரியே என்று பெருமானார் ஒப்புக்கொண்டார்கள். வணக்கத்திலேயே உடலை வதைக்க அனுமதியில்லை என்றால், உறங்காத டூட்டியில் வதைக்க ஏது அனுமதி?

இனி, இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்தை உண்டாக்குகிறவர்கள் நாம்தாம். சிற்றூரில் ஒருவர் மனநல மருத்துவரின் வாசலில் செருப்பைக் கழற்றினால், அஸருக்குள் அந்தச் செய்தி தெருமுனைக்கு வந்துவிடுகிறது. இஷாவுக்குள் அது நிக்காஹ் பேச்சையும் கலைத்துவிடுகிறது. ஆனால் நபிமொழி என்ன? ஒருவர் ஒரு சேதியைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாலே போதும், அந்தப் பேச்சு அமானத்தாகிவிடுகிறது என்று அண்ணலார் (ஸல்) தெரிவித்தார்கள். அவர் வாய்விட்டுச் சத்தியம் வாங்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்த பார்வையே போதும்! அமானத்தில் மோசடி செய்வது நயவஞ்சகத்தின் அடையாளம் என்பதை அறியாத முஸ்லிம் உண்டா?

பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது உண்மையை மறைக்கலாமா என்று கேட்பீர்கள். மணமுடிக்கப் போகிறவர்கள் ஆலோசனை கேட்டால், தேவையான அளவு உண்மையைச் சொல்வதைப் புறம் பேசுதலில் சேர்க்காமல் விலக்களித்துள்ளார்கள் இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியோர்கள். அந்த விலக்கு மணப்பேச்சுக்கு மட்டுமே. தெருத் திண்ணைக்கு இல்லை.

ஆகவே, இரண்டு வகை மறைத்தல் உண்டு. பிறர் நோயை ஊருக்கு மறைப்பது நன்மை. அப்படி மறைத்தவரின் குறைகளை அல்லாஹ் மறைக்கிறான். தன் நோயை வைத்தியருக்கே மறைப்பதோ தனக்குத் தானே செய்யும் அநீதி. நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. நோயாளி வைத்தியரிடம் மறைக்கிறார். தெரிந்தவர்கள் ஊரில் பரப்புகிறார்கள்.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் அமானத்தையே பேணச் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற நெருக்கடிகளில் அதற்கு விலக்கு உண்டு. உயிரை மாய்க்க முயன்று தப்பியவரை மிகுந்த மனஉளைச்சலில் இருந்தவராகக் கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பதும் அச்சட்டமே. மருத்துவ மாணவர்களுக்கென்றே "மனம்" என்ற மனநல நல்லாதரவு மன்றத்தைத் தமிழக அரசு 2022 டிசம்பரில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தொடங்கி வைத்தது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கடையத்தில் முகம் காட்டத் தயங்கும் டாக்டர் நெல்லையிலோ மதுரையிலோ ஒரு வைத்தியரைப் பார்க்கட்டும். தூரம் போவதில் தவறில்லை, போகாமலிருப்பதே தவறு.

பெற்றோர்களே! விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்குமுன் உறக்கத்தைக் கேளுங்கள். அவன் மனம் திறந்தால் உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல் வந்தாலும் அதை விளையாட்டாக எண்ணாதீர்கள். தனியே விடாமல் உடனே வைத்தியரிடம் சேருங்கள். அந்நேரத்தில் இரகசியத்தைவிட உயிரைக் காப்பதே முந்திய கடமை. துஆவை விட்டுவிட வேண்டாம். மருந்தையும் விட்டுவிட வேண்டாம்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் ஒரு சொல். உயிரைப் போக்கிக்கொள்வது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் துஃபைல் (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் வந்த ஒருவர், நோயின் வேதனை தாளாமல் தம் கைகளாலேயே தம் முடிவைத் தேடிக்கொண்டார். துஃபைல் அவரைக் கனவில் கண்டார். அல்லாஹ் அவரை மன்னித்திருந்தான். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. இதைக் கேட்ட கருணை நபி (ஸல்) ஒரு கடுஞ்சொல்லும் கூறாமல், அவருடைய கைகளையும் மன்னிக்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். முஸ்லிம் ஷரீஃபில் பதிவான செய்தி இது. நபியவர்கள் துஆக் கேட்ட இடத்தில் நின்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அத்தகைய வீட்டுக்குப் போனால் காரணம் விசாரிக்காதீர்கள். துஆக் கேட்டுவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோய்களுக்கு மருந்து தருகிறவர்களின் நோய்களுக்கு நீ ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் நம்பிச் சொன்னவற்றைக் காக்கும் நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!